நிற்க வைத்துப் பாருங்கள்

என் அண்ணியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரு மாதிரி சிரித்தார்கள். நாத்தனார் எழுதினால் அதில் என்ன இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. நன்றாக ஏமாறட்டும். அவள் எனக்கு அண்ணி ஆவதற்கு முன்பே தோழி. ஒரே பார்லரில் அவளுடைய இடமும் என்னுடைய இடமும் பக்கத்துப் பக்கத்தில். அவள் முடி வெட்டுவாள், நான் சாயம் பூசுவேன். கடையில் ஹேர் டிரையர் பழுதுபார்க்க வந்த என் அண்ணன், பழுது தீர்ந்த பிறகும் ஏதாவது சாக்கு வைத்து வந்துகொண்டே இருந்தான். அப்படித்தான் அண்ணி ஆனாள். அண்ணி என்று நான் கூப்பிட ஆரம்பித்ததே அவளைச் சீண்டத்தான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. மற்றபடி எங்களுக்குள் வா, போ தான்.

கடையில் அவளுக்கு இன்னொரு பெயர் உண்டு: சக்கரம். காரணம் அவளுடைய ஸ்டூல். வட்டமான உட்காரும் பலகை, அதன் மேல் கிழிந்து கிழிந்து டேப் ஒட்டிய கறுப்பு ரெக்சின், அடியில் சின்னச் சின்னச் சக்கரங்கள். மற்றவர்கள் நின்றுகொண்டு முடி வெட்டுவார்கள். இவள் வாடிக்கையாளரின் நாற்காலியை மிதியை அழுத்திக் கடைசிவரை இறக்கிவிட்டு, தன் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தத் தலையைச் சுற்றி உருண்டு வருவாள். புதிதாக வருகிறவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். இந்தம்மாவுக்கு எழுந்து நிற்கக்கூட உடம்பு வணங்கவில்லையா என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்பார்கள். வெட்டி முடித்த பிறகு கேட்க மாட்டார்கள். நின்று வெட்டுகிறவர்கள் முடியின் ஓரத்தை மேலே இருந்து பார்க்கிறார்கள். இவளுடைய கண் அந்த ஓரத்துக்கு நேர் மட்டத்தில் இருக்கும். கழுத்தோடு நிற்கும் முடியை அவள் வெட்டினால் கோடு போட்ட மாதிரி நிற்கும்.

உட்கார்ந்து வெட்டுவது சோம்பலில் வந்த பழக்கம் இல்லை. நின்றால் அவளுடைய நெஞ்சு ஓட ஆரம்பித்துவிடும். நாம் எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்குகிறது. அதை மேலே தள்ளும் வேலையை உடம்பு நம்மைக் கேட்காமல் தானாகச் செய்துகொள்கிறது. அண்ணிக்கு அந்த வேலை ஒழுங்காக நடப்பதில்லை. அதனால் இதயம் தலைதெறிக்க ஓடி ஈடுகட்டப் பார்க்கும். தலை சுற்றும், கண்ணைக் கட்டிக்கொண்டு வரும், சில நேரம் ஆளே விழுந்துவிடுவாள். தன்னியக்க நரம்புக் கோளாறு என்று அதற்குப் பெயர் வைப்பதற்குள் அவளுக்குப் பாதி இளமை போய்விட்டது. அதுவரை அவளுக்குக் கிடைத்த பெயர்கள் வேறு: பயந்தாங்கொள்ளி, நடிப்புக்காரி, குண்டு.

பெயர் தெரிவதற்கு முன்பே வழியை அவளே கண்டுபிடித்துவிட்டிருந்தாள். ஸ்டூல் ஒன்று. காலை இறுக்கிப் பிடிக்கும் நீளமான காலுறை ஒன்று. கண்ணாடிக்குப் பக்கத்துக் கொக்கியில் உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று. ஒரு தலை முடிந்து அடுத்த தலைக்குக் கழுத்தில் கட்டும் மேல்துணியை மாற்றும்போதெல்லாம் அந்தப் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடிப்பாள். தாகம் எடுத்ததா இல்லையா என்று யோசிக்க மாட்டாள். துணி மாறினால் தண்ணீர், அவ்வளவுதான்.

அப்புறம் கத்தரி. எங்கள் தொழிலில் கத்தரி கையை விட்டு விழக்கூடாது. ஒரு தடவை தரையில் விழுந்தாலும் முனை போய்விடும், ஆளாளுக்குக் கத்தரியைக் குழந்தை மாதிரி வைத்திருப்போம். அண்ணி மட்டும் தனக்குத் தலைகீழாக ஒரு விதி வைத்திருந்தாள். கண்ணைக் கட்டினால் முதலில் கத்தரியை விட வேண்டும், அதன் பிறகுதான் அவள் விழ வேண்டும். கையில் கத்தரியோடு வாடிக்கையாளர் மேல் சாயக்கூடாது அல்லவா? அதனால் தரையில் கத்தரி விழும் சத்தம் கேட்டால் நான் என்ன வேலையில் இருந்தாலும், கையில் சாயக் கிண்ணம் இருந்தாலும், திரும்பிப் பார்க்காமலே இடது பக்கம் கையை நீட்டுவேன். அவள் என் கைக்கு வருவாள். ஸ்டூல் வந்த பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

அண்ணி குண்டுதான். இதை நான் சொல்லலாம், அவளே சொல்வாள். மூன்றாவது ஆள் சொன்னால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மூன்றாவது ஆட்களுக்கு உலகத்தில் பஞ்சமா என்ன? முழங்கால் வலி என்று போனாள், எடையைக் குறை என்றார்கள். தலை சுற்றுகிறது என்று போனாள், எடையைக் குறை என்றார்கள். ஒரு தடவை காதில் வலி என்று போனாள். அதற்கும் அதையேதான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து, "காதுல எவ்வளவு கொழுப்பு இருக்கும்னு நினைக்கிற?" என்று என்னைக் கேட்டாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எடையைக் குறைக்கும் அந்த ஊசியை அவள் போட்டுக்கொள்ளச் சம்மதித்தது யாருடைய வாய்க்கும் பயந்து இல்லை. மாடிப்படிக்காகத்தான். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தான். தினமும் வேலை முடிந்து வந்து அண்ணி அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே வருவாள். போகிற வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துப் பேசுவாள், ஏதோ அரட்டை அடிக்கவே உட்கார்ந்திருக்கிற மாதிரி.

"ஒரே ஒரு நாள் அந்த நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்காம மேல ஏறணும்டி. எடை குறைஞ்சா இதயத்துக்குச் சுமை குறையும்ல?"

யோசித்துப் பார்த்தால் அதில் தப்பே இல்லை. ரத்தத்தில் சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நின்றது. எங்கள் ஓனர் அக்கா அதே ஊசியை வாரம் ஒன்று போட்டுக்கொண்டு, பத்து வயது குறைந்த மாதிரி கடைக்குள் துள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய டாக்டரிடமே அண்ணியும் போனாள். நல்ல மனிதர்தான். தன் நரம்புக் கோளாறைப் பற்றி அண்ணி ஒளிக்காமல் சொன்னாள். அவரும் கேட்டுக்கொண்டு, "எடை குறைஞ்சா அதுவும் கொஞ்சம் சுலபமாகும்மா" என்றார். நாங்கள் அவருக்கு ஊசி டாக்டர் என்று பெயர் வைத்தோம்.

எடை குறைந்தது. பொய் சொல்ல மாட்டேன், மளமளவென்று குறைந்தது. தட்டில் வைத்ததில் பாதியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். சட்டைகளை நான் பிடித்துப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். கடையே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. இத்தனை வருஷம் அவள் வெட்டிய வெட்டுக்கு ஒரு வார்த்தை பாராட்டாத வாயெல்லாம் இப்போது அவள் இடுப்பைப் பாராட்டியது. எனக்கு எரிச்சலாக வந்தது. அவளுக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. ஏன் பிடிக்கக்கூடாது? அவளும் மனுஷிதானே.

ஆனால் நான் பக்கத்து இடத்தில் நிற்கிறவள். எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. கொக்கியில் தொங்கிய பாட்டில் காலையில் எப்படி வந்ததோ அப்படியே சாயங்காலம் வீட்டுக்குப் போனது. மேல்துணி மாறும், அண்ணி பாட்டிலை எடுப்பாள், வாய்வரை கொண்டு போவாள், திரும்ப மாட்டிவிடுவாள்.

"குடியேன்."

"வாயில வெச்சாலே குமட்டுது. பசி மட்டும் போகலைடி, தாகமும் சேர்ந்து போயிடுச்சு."

அதோடு நிற்கவில்லை. முன்பு நின்றால்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது உட்கார்ந்திருக்கும்போதே அடித்துக்கொண்டது. பல் தேய்க்கும்போது வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குளித்துவிட்டு வந்தால் ஈரத்தலையோடு கட்டிலில் சாய்ந்துவிடுவாள். எந்தப் படிக்காக ஊசி போட்டாளோ அந்தப் படியில் இப்போது முதல் மாடித் திருப்பத்திலேயே உட்கார வேண்டி வந்தது. அண்ணன் அங்கேயும் ஒரு நாற்காலி கொண்டு வந்து போட்டான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருப்பாள், கீழே இறங்கி வருகிற பக்கத்து வீட்டுக்காரம்மா, "அடேயப்பா, எப்படி இளைச்சுட்டீங்க! என்ன ரகசியம், எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்பார். நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

கிளினிக்குக்குப் போன் செய்து சொன்னாள். ஆரம்பத்தில் படபடப்பு இருக்கத்தான் செய்யும், போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். ஓனர் அக்காவும் அதையேதான் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் ஆகலையே. நீ மனசைப் போட்டு உழப்பிக்கிற." அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது நிஜம். அவருடைய காலில் ரத்தம் இறங்கினால் அவருடைய உடம்பு மேலே தள்ளிவிடும். ஒருவருக்குப் பொருந்திய செருப்பை எல்லாருக்கும் மாட்டிவிடலாம் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

நினைத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கடை ஜன்னலில் பெரிய படம் ஒன்று வைத்தார். இடது பாதியில் பழைய அண்ணி: ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் சீப்போடு, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிச் சிரிக்கிறாள். அடியில் 'அன்று'. வலது பாதியில் இளைத்த அண்ணி, இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். அடியில் 'இன்று'. அந்த வலது பாதிப் படம் எடுக்கும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். சிரி சிரி என்று சொல்லிச் சொல்லி எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் அவள் தலை அலசும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே சரிந்து உட்கார்ந்தாள். அது படத்தில் இல்லை.

அடுத்த நாள் கடைக்கு வந்தால் ஸ்டூலைக் காணோம்.

"மேல ஸ்டோர் ரூம்ல போட்டுட்டேன். இனிமே உனக்கு எதுக்கு? ஜன்னல்ல உன் படத்தைப் பார்த்துட்டு உள்ள வர்றவங்க, நீ பழையபடி உட்கார்ந்திருந்தா என்ன நினைப்பாங்க?" என்றார் ஓனர் அக்கா. அவருக்கு அது தண்டனையாகத் தோன்றவில்லை, பரிசாகத்தான் தோன்றியது. உடம்பு கனத்தால்தான் இவள் உட்கார்ந்தாள், கனம் போய்விட்டது, இனி நிற்பாள். அவ்வளவு எளிதாக இருந்தது அவருக்கு. நான் வாயைத் திறந்தேன். அண்ணி கண்ணைக் காட்டி என்னை அடக்கினாள். "நின்னு பார்க்கிறேன்" என்றாள். நின்று பார்க்கிறேன் என்று அவள் சொன்னதில் ஆசையும் இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

அன்று வந்தவர் கேப்டன். பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. அந்தப் பெயரைப் பிள்ளைகள் வைத்தார்கள், அவருக்கும் தெரியும். கழுத்தோடு நிற்கும் முடி, வருஷக்கணக்காக ஒரே வெட்டு, அண்ணியைத் தவிர வேறு யாரையும் தொடவிட மாட்டார். உட்கார்ந்ததும், "உன் சக்கரம் எங்கே?" என்றார். "இன்னிக்கு நின்னுக்கிட்டு, டீச்சர்" என்றாள் அண்ணி. அவர் புருவத்தைத் தூக்கினார்.

இடது பக்கம் முடிந்தது. பின்கழுத்தில் பாதிவரை வந்திருப்பாள். நான் ஒரு தலைக்குச் சாயம் தடவிக்கொண்டிருந்தேன். கத்தரி விழுந்தது.

எத்தனையோ காலமாகக் கேட்காத சத்தம். ஆனாலும் கை மறக்கவில்லை. கிண்ணத்தைப் போட்டுவிட்டு இடது பக்கம் பாய்ந்தேன். தலை தரையில் படாமல் பிடித்துவிட்டேன், உடம்பு முழுவதையும் பிடிக்க முடியவில்லை. அவளுடைய நெஞ்சில் என் கை இருந்தது. உள்ளே இருந்தது அடித்த அடியை நான் எப்படிச் சொல்வது? வெளியே வரக் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. அண்ணி செத்துவிடுவாள் என்று நினைத்தேன். கேப்டன் கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து, "காலைத் தூக்கு! தலையைத் தூக்காதே, காலைத் தூக்கு!" என்று கத்தினார். அவரே காரை எடுத்து வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதும் அந்த மேல்துணி அவர் கழுத்தில் சூப்பர்மேன் மாதிரி பறந்துகொண்டிருந்தது. பாதித் தலை வெட்டியும் பாதித் தலை வெட்டாமலும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள்? படுக்க வைத்தார்கள். கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். படுத்தாயிற்று, உடம்புக்குள் தண்ணீரும் போயிற்று. அதற்குள் இதயம் சமாதானம் ஆகிவிட்டது. எல்லாம் நார்மல் என்றார்கள். பதட்டமாக இருக்கலாம் என்றார்கள். ஊசி போட்டுக்கொள்கிறாள் என்று நான் சொன்னதும் நர்ஸ் பக்கத்தில் வந்து மெதுவாக, "எந்த ஊசி? எங்க அக்காவுக்குக் கேட்கணும்" என்றார். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை அன்றைக்கு.

வீட்டுக்கு வந்த பிறகு அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தயங்கித் தயங்கிப் பேசினான். "நார்மல்னுதானே சொல்றாங்க. இவ்வளவு தூரம் வந்துட்டே. இப்ப விட்டா எல்லாம் திரும்பி வந்துடும்..."

"எது திரும்பி வரும்?"

"எடை."

"வரட்டும். நான் திரும்பி வர வேண்டாமா உங்களுக்கு?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. கெட்டவன் இல்லை. அவள் விழுந்ததை அவன் பார்க்கவில்லை, இளைத்ததைத்தான் பார்த்திருந்தான். "நாளைக்கு ஊசி டாக்டர்கிட்ட போறோம். நீங்களும் வரணும். உள்ள வரைக்கும் வரணும்" என்றாள் அண்ணி.

போனோம். கிளினிக்கில் எடை பார்க்கும் மெஷினைத் தாண்டித்தான் டாக்டர் அறைக்குப் போக வேண்டும். நர்ஸ், "ஏறுங்க" என்றார். "இன்னிக்கு எடை வேண்டாம்" என்று அண்ணி அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். டாக்டர் ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். நல்லவேளை, பயப்படும்படி ஒன்றும் இல்லை என்றார். அடுத்த மாதம் மருந்தைக் கொஞ்சம் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். "படுங்கம்மா, ஒரு தடவை பிரஷர் பார்த்துடலாம்."

"படுக்க மாட்டேன்."

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தோம்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டர். நான் படுத்துக்கிட்டு முடி வெட்டலை. படுத்துக்கிட்டு படி ஏறலை. நின்னுக்கிட்டுதான் விழுந்தேன். எனக்கு வியாதியே நிக்கிறதுலதான் இருக்கு. நேத்துலேர்ந்து எல்லாரும் என்னைப் படுக்க வெச்சே பார்க்கிறீங்க, படுக்க வெச்சே நல்லா இருக்கேன்னு சொல்றீங்க. ஒரு தடவை நிக்க வெச்சுப் பாருங்க."

டாக்டர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார். "சரி, பார்க்கலாம்" என்றார். "ஆனா படுத்தா எவ்வளவு, நின்னா எவ்வளவுன்னு ரெண்டும் தெரியணும். கொஞ்ச நேரம் படுங்க, அப்புறம் நீங்க சொன்ன மாதிரியே." அதற்கு அவள் ஒத்துக்கொண்டாள்.

படுத்தாள். விரலில் கிளிப் மாட்டினார்கள். மெஷினில் எண் அமைதியாகத்தான் இருந்தது. எழுந்து நிற்கச் சொன்னார்கள். அண்ணி சுவரைப் பிடிக்காமல் நின்றாள். எண் ஏறியது. நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை, மேலும் ஏறியது. அவள் எங்கும் ஓடவில்லை, கையைக்கூட அசைக்கவில்லை, சும்மா நின்றாள். மெஷின் கத்த ஆரம்பித்தது. உதடு வெளுத்தது.

"போதும், உட்காருங்கம்மா" என்றார் டாக்டர்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள். பிறகு என் அண்ணனைப் பார்த்தாள். "நீங்களும் நல்லாப் பார்த்துக்கோங்க. இதுதான் நான் இளைச்சது."

அண்ணன் எழுந்து ஓடி வந்து அவளைத் தாங்கி உட்கார வைத்தான். அதற்குப் பிறகு எடை என்ற சொல் அவன் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

டாக்டர் மழுப்பவில்லை, அதற்காக அவரை மதிக்கிறேன். இந்த மருந்தே இதயத் துடிப்பைக் கொஞ்சம் கூட்டுவது உண்டு என்றார். பெரும்பாலானவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் நின்றாலே துடிப்பு தறிகெட்டு ஓடுகிற உடம்பில் அந்தக் கொஞ்சமும் சேர்ந்துகொள்ளும். அதன் மேல் சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, உப்பு இல்லை. உடம்பில் தண்ணீர் வற்றினால் இதயம் இன்னும் வேகமாக ஓடும். "இந்த மாதிரி நரம்புப் பிரச்சினை இருக்கிறவங்களுக்கு இது எப்படி ஒத்துக்கும்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது. ஊசியை இப்போ நிறுத்துவோம். இதய டாக்டரைப் பார்த்துட்டு மேற்கொண்டு பேசலாம்" என்றார்.

இதய டாக்டர் அண்ணியின் நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டியை ஒட்டி அனுப்பினார். அது அவள் தூங்கும்போதும் நடக்கும்போதும் துடிப்பைப் பதிந்துகொண்டே இருந்தது. இதயம் கெட்டுப் போகவில்லை, நல்ல இதயம், அளவுக்கு மீறி வேலை வாங்கப்பட்ட இதயம் என்றார். பழையபடி உப்புத் தண்ணீர், காலுறை. பின்னால் சர்க்கரைக்காக ஊசி வேண்டும் என்று அவளே விரும்பினால், மிகச் சின்ன அளவில், ஒவ்வொரு தடவையும் நிற்க வைத்துத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்றார். "யோசிச்சுச் சொல்றேன், இப்போ வேண்டாம்" என்றாள் அண்ணி. மருந்து மெல்ல உடம்பை விட்டு இறங்கியது. ஒரு நாள் காலையில் அவளாகவே பாட்டிலைத் தேடி எடுத்து மடமடவென்று குடித்ததைப் பார்த்து நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

இதற்கிடையில் கேப்டன் என்ன செய்தார் தெரியுமா? மீதித் தலையை வெட்டிக்கொள்ளவே இல்லை. நான் வெட்டிவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். ஓனர் அக்கா கெஞ்சினார். பாதித் தலையோடு அவர் தெருவில் நடப்பது கடைக்குத்தானே கெட்ட பெயர். "ஆரம்பிச்சவ வந்து முடிப்பா" என்று சொல்லிவிட்டார். ஒரு பக்கம் கழுத்தோடும் ஒரு பக்கம் தோளோடும் தொங்கும் முடியை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் முழுவதற்கும் எதிரில் தினமும் போய் நின்றார். சிரித்த பிள்ளைகளைத் திட்டவும் இல்லையாம்.

அண்ணி வேலைக்குத் திரும்பிய அன்று முதல் ஆளாக அவர்தான் வந்து உட்கார்ந்தார். அண்ணி மேல்துணியைக் கட்டிவிட்டு, நாற்காலியைக் கீழே இறக்கினாள். "என் ஸ்டூல் எங்கே அக்கா?" என்றாள்.

ஓனர் அக்கா நெளிந்தார். "இருக்கு, இருக்கு. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்... டீச்சருக்குப் பாதிதானே பாக்கி? நின்னே முடிச்சுடேன். ஜன்னல்ல படம் இருக்கு பாரு, இப்பவே நாலு பேர் கேட்டுட்டாங்க."

அண்ணி சண்டை போடவில்லை. கத்தரியைப் பெட்டியில் வைத்தாள். கடைக்கு நட்டநடுவே, வாசல் கண்ணாடிக்கு நேர் எதிரே, நறுக்கிய முடி சிதறிக் கிடந்த தரையில் காலை நீட்டிச் சம்பிரமமாக உட்கார்ந்தாள். "ஸ்டூல் வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

"ஐயோ, எந்திரி! ரோட்டுல போறவங்க எல்லாம் பார்க்கிறாங்க!"

"பார்க்கட்டும்."

தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கத்தான் செய்தார்கள். கேப்டன் நாற்காலியில் இருந்தபடியே, "எனக்கு அவசரம் இல்லை. நான் இவ்வளவு நாள் இப்படியேதான் இருக்கேன்" என்று ஒரு பத்திரிகையை எடுத்து விரித்தார். நான் மேலே போக எழுந்தேன். "நீ போகாதே. வெச்சவங்க எடுத்துட்டு வரட்டும்" என்றாள் அண்ணி தரையில் இருந்தே.

ஓனர் அக்கா என்னைப் பார்த்தார், கேப்டனைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். அப்புறம் படியேறிப் போனார். மேலே துண்டு மூட்டைகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க இறங்கி வந்து அண்ணிக்கு முன்னால் வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. "எனக்கு நல்லதா இருந்துச்சு, உனக்கும் இருக்கும்னு நினைச்சேன்டி" என்றார் மெதுவாக.

"தெரியும்க்கா" என்றாள் அண்ணி. ஸ்டூலைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரங்களில் சுற்றியிருந்த பழைய முடியைச் சீப்பின் வாலால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தாள். பாட்டிலை எடுத்துக் குடித்தாள். கேப்டனின் பின்கழுத்துக்கு உருண்டு போய், விட்ட இடத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தாள்.

முடித்ததும் நான் பின்னால் கண்ணாடி பிடித்தேன். கேப்டன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். எங்கே நிறுத்தியிருந்தாள், எங்கே மறுபடி தொடங்கினாள் என்று பக்கத்திலேயே இருந்த எனக்கே தெரியவில்லை. "ம்" என்றார் கேப்டன். அவர் அவ்வளவுதான் பாராட்டுவார்.

அண்ணி கத்தரியைத் துடைத்தாள். உருண்டுகொண்டே ஜன்னலுக்குப் போனாள். அந்தப் பெரிய படத்தை இறக்கி மடியில் வைத்து நடுவில் நேர்க்கோடாக வெட்டினாள். இடுப்பில் கை வைத்து நிற்கிறவளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். போடுவதற்கு முன் அதன் அடியில் இருந்த 'இன்று' என்ற சொல்லை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டாள். மீதி இருந்த பாதியைத் திரும்ப ஜன்னலில் மாட்டினாள். ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் சீப்போடு, திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற குண்டு அண்ணி. அவள் காலடியில் இருந்த 'அன்று' மேல் 'இன்று' என்பதை வைத்து அழுத்தி ஒட்டினாள்.

ஓனர் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "உள்ள வர்றவங்க என்னன்னு கேட்டா நான் என்னடி சொல்றது?"

"என்கிட்ட அனுப்புங்க" என்றாள் அண்ணி, அடுத்த மேல்துணியை உதறிக்கொண்டே. "உட்கார்ந்துக்கிட்டே பதில் சொல்றேன்."